பூச்சிக்குக் குடி தேடின வருசம்

என் புருசன் ஒரு பூச்சிக்குக் குடி தேடின மனிசன். ஊரில் மற்ற ஆம்பிளைகள் தங்கைக்கு மாப்பிள்ளை தேடுவார்கள், காணாமல் போன எருமையைத் தேடுவார்கள். இவர் கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது இன்ன குடியைச் சேர்ந்தது என்று உலகத்துக்குச் சொல்லவேண்டும் என்று கிடந்து மாய்ந்தார். பூச்சி என்று நான் சொன்னால் கோபம் வரும். "பூச்சி இல்ல புள்ள, அமீபா. ஓடு உள்ள அமீபா" என்பார். சரி, ஓடு உள்ள பூச்சி என்பேன். அதற்குமேல் அவரால் என்னோடு மல்லுக்கட்ட ஏலாது.

மட்டக்களப்பு ஆக்களுக்குக் குடி என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர் வாசித்தால் விளங்கவேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கலியாணம் பேச வந்தால் முதல் கேள்வி அதுதான். அவருடைய விஞ்ஞானத்திலும் அப்படித்தானாம். ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு பெயர், முதலாவது குடிப்பெயர், இரண்டாவது அதன் சொந்தப் பெயர். உள்ள குடி ஒன்றிலும் சேராத உயிர் கிடைத்தால் புதுக்குடி ஒன்று உண்டாக்க வேண்டும். உண்டாக்கினவனுடைய பெயர் அந்தக் குடிப்பெயருக்குப் பின்னால் உலகம் உள்ளவரை நிற்கும். அதுதான் அவருடைய பித்து.

அவர் பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவர். எனக்கு மாமி மகன், அதனால் கலியாணத்துக்குப் பிறகும் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கட வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவான். இவர் பெட்டியோடு கல்லூரியில் இரவல் வாங்கின நுணுக்குக்காட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதை வைக்கிறதற்கு வெளிச்சம் வேண்டும் என்று எங்கள் வீட்டின் நல்ல ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். என் அம்மா அந்த ஜன்னலடியில் இருந்துதான் வெற்றிலை போடுவா. "மருமகன் வந்தாரு, என்ட வெளிச்சம் போச்சு" என்று அவ வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தா.

எனக்குச் சீதனமாக வந்த வயல் மட்டக்களப்பு வாவிக்கு அந்தக் கரையில், மேற்கே, வவுணதீவுப் பக்கம். அந்த வயல்வெளியை வட்டை என்போம், அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குளம். வயலுக்குப் போன இடத்தில் அந்தக் குளத்துப் பாசியைப் பிழிந்து ஒரு போத்தலில் கொண்டு வந்தார். அதில்தான் அந்தச் சனியன் இருந்தது. அன்றைக்கு அதைச் சனியன் என்று நான் சொல்லவில்லை. பிறகுதான் சொன்னேன்.

முதல்தரம் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னபோது நானே வாய் பிளந்துவிட்டேன். தண்ணீர் வைக்கிற கூசா மாதிரி ஒரு குட்டிக் கூசா, கழுத்து ஒரு பக்கம் வளைந்தது. கூசாவின் வாயால் கண்ணாடி போல ஒரு விரல் மெல்ல வெளியே வருகிறது, தடவிப் பார்க்கிறது, பிறகு இன்னொரு விரல். அந்த விரல்களால் கூசாவை இழுத்து இழுத்து நகர்கிறது. கூசாவின் மேல் முழுக்கச் சின்னச் சின்னத் தகடுகள், கூரைக்கு ஓடு அடுக்கின மாதிரி, ஒவ்வொரு தகட்டின் ஓரமும் அரிவாள்வாய் போலப் பல்லுப் பல்லாக. அவ்வளவு வடிவு. ஆனாலும் வாய் மட்டும் உள்ள ஒன்று என்னைத் தேடித் தடவுகிற மாதிரி இருந்தது.

சித்திரம் எனக்குக் கைவரும். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிமார் பழக்கின கை. அதனால் வரைகிற வேலை என் தலையில் விழுந்தது. நுணுக்குக்காட்டியின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியைப் பூட்டினால், உள்ளே தெரிகிற உரு பக்கத்துத் தாளில் விழுகிற மாதிரித் தெரியும். அதன்மேல் பென்சிலை ஓட்டவேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, வாய், தகடு ஒன்று தனியாகப் பெருப்பித்து. அரிசி புடைத்துவிட்டு வந்து வரைவேன், மீன் வெட்டிவிட்டுக் கை கழுவி வந்து வரைவேன். அவர் பக்கத்தில் நின்று, "அந்தப் பல்லு இன்னும் கூர்மையா இரிக்கி" என்பார். "அப்ப நீங்களே வரையுங்க" என்றால் வாயை மூடுவார்.

அவர் எனக்கு விளங்கப்படுத்தினது இதுதான். ஓடு கட்டுகிற அமீபாக்களில் இரண்டு விதம் உண்டு. ஒரு விதம் குளத்தில் கிடக்கிற மண்ணையும் மணலையும் விழுங்கி வைத்திருந்து, அதை ஒட்டி ஓடு கட்டும், கொத்தன் கல்லுப் பொறுக்கிக் கட்டுகிற மாதிரி. மற்ற விதம் தகடுகளைத் தன் உடம்புக்குள்ளேயே உண்டாக்கும், எங்களுக்கு நகம் முளைக்கிற மாதிரி. வளைந்த கழுத்துக்காரர் எல்லாரும் பொறுக்கிக் கட்டுகிற குடி. தானாகத் தகடு செய்கிறவர்களில் இவ்வளவு வளைந்த கழுத்து ஒருவருக்கும் இல்லை. எங்கள் குளத்துப் பூச்சிக்குக் கழுத்தும் வளைவு, தகடும் சொந்தம். ஆகவே புதுக்குடி.

"தகடு சொந்தம் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன். நடுக்குளத்து மண்ணை எடுத்து அலசி அலசிப் பார்த்தாராம், அப்படிப்பட்ட தகடு ஒன்றும் மண்ணில் இல்லையாம். அப்ப வேறெங்கே இருந்து வரும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சீமையில் இந்தப் பூச்சிகளைப் பற்றியே ஆயுளைக் கழித்த ஒரு பெரியவர் இருந்தார். இவர் விவரம் எழுதி, என் சித்திரங்களோடு கண்ணாடித் துண்டுகளில் ஒட்டின ஓடுகளையும் அவருக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக்கணக்காகப் பதிலில்லை. பதில் வந்த அன்று வாசலிலேயே நின்று வாசித்துவிட்டு, என்னைத் தூக்கிச் சுற்றினார், அம்மா பார்க்கப் பார்க்க. தகடு அதன் சொந்தத் தகடுதான் என்று இவர் நிச்சயம் சொன்னால், பெரியவரே அச்சுக்குக் கொடுப்பாராம். நிச்சயம் என்று அன்றைக்கே பதில் எழுதினார். சித்திரம் வரைந்தது யார், மிக நல்ல கை என்று பெரியவர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை எனக்கு இரண்டு மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

அந்த வருச மாரி முடிந்த கையோடு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் அந்த வருசம் வந்தது வேறு மாதிரி. வாவிக்கு அந்தக் கரையில் பறை அடிக்கிற சத்தம் காற்றோடு வரும். முதலில் ஆர் செத்தது என்று விசாரித்தோம். பிறகு விசாரிக்கிறதை விட்டுவிட்டோம். எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிசனும் பெண்சாதியும் ஒன்றாகப் படுத்தார்கள். அவள் எழும்பவில்லை. விளைந்த கதிரை வெட்ட ஆளில்லாமல் வயல் சாய்ந்து கிடந்தது.

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. நான் பல் தீட்டிவிட்டு வந்தேன். உமிக்கரியால்தான் தீட்டுவோம், நெல்லு உமியைச் சுட்டு எடுத்த கரி. வாயைக் கொப்பளித்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் வந்து ஜன்னலடியில் இருந்தேன். பூச்சி உள்ள தண்ணீரை விரல் நுனியால் தொட்டுக் கண்ணாடித் துண்டில் வைத்தேன். பார்த்தால் பூச்சி இல்லை. ஆனால் தகடு இருக்கிறது. பல்லுப் பல்லான அதே தகடு, கும்பல் கும்பலாக, சும்மா தண்ணீரில் மிதக்கிறது.

அவரைக் கூப்பிட்டேன். பார்த்தார். "கைய வடிவாக் கழுவாம வந்தியா? எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டாய்!" என்று பாய்ந்தார். நானும் விடவில்லை. "நாசமாக்கினா திட்டுங்க, ஆனா அது என்னெண்டு முதல்ல சொல்லுங்க" என்றேன். அவர் அடுப்படிக்குப் போனார். உமிக்கரியைக் கிள்ளிக்கொண்டு வந்து தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலடிக் கதிரையில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் மாதிரிப் போய்விட்டது.

குளத்தின் ஒரு மூலையில் தட்டைக் கல் ஒன்று கிடக்கிறது. வட்டைப் பெண்கள் அதில் வைத்துத்தான் உமிச்சாம்பலால் சட்டி தேய்ப்பார்கள், பல் தீட்டுவார்கள். அவர் மண் எடுத்தது நடுக்குளத்தில். பூச்சி எடுத்தது அந்தக் கல்லடிப் பாசியில். பெண்கள் சட்டி கழுவுகிற இடத்தில் என்ன கிடக்கும் என்று எந்த ஆம்பிளை யோசிக்கிறான்? நெல்லு உமிக்குள் கண்ணாடி மாதிரி ஒரு சத்து இருக்கிறதாம், சுட்டாலும் அழியாதாம். அதைப் பொறுக்கித்தான் பூச்சி ஓடு கட்டுகிறதோ என்பதுதான் இப்போது கேள்வி. அப்படியென்றால் புதுக்குடி இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அது பழைய குடியில் ஒரு பிள்ளை.

சீமைக்காரருக்கு நிச்சயம் என்று எழுதியாயிற்று. அச்சில் ஏறிவிட்டால் அந்தப் பொய் இவர் பெயரோடு நிற்கும். "அச்சுக்கு முந்தி எனக்குத் தெரியவேணும்" என்றார். எப்படித் தெரியும் என்றால், சாம்பல் படாத மழைத்தண்ணீரில் பூச்சியை வளர்க்க வேண்டும், தகட்டுக்குப் பதிலாகக் கலர்க் கண்ணாடித் தூளைப் போடவேண்டும். இது பெருகுகிறது தாய் பிள்ளை பெறுகிற மாதிரிதான். தாயின் வாயோடு வாய் வைத்துப் பிள்ளையின் ஓடு வளரும். பிள்ளையின் ஓடு கலராக வந்தால் பொறுக்கினது, வெள்ளையாக வந்தால் சொந்தத் தகடு. ஆனால் முதல் பிள்ளையை நம்ப ஏலாது, தாய் வயிற்றுக்குள் பழைய தகட்டைச் சேர்த்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பு முடிந்து வருகிற பேத்திதான் சாட்சி. "அதுவும் தாய்வழிதான்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

கண்ணாடித் தூளுக்குப் பச்சைச் சோடாப் போத்தலை இடித்துப் பார்த்தார். அவ்வளவு நுணுக்கமாக அரைத்தால் கலர் மறைந்து வெள்ளையாகத் தெரிந்தது. மருந்துப் போத்தலும் அப்படித்தான். என் கையில் கருநீலக் கண்ணாடிக்காப்பு போட்டிருந்தேன், மை மாதிரி இருண்ட நீலம். அவர் அதைப் பார்த்தார். நானும் அவர் பார்த்ததைப் பார்த்தேன். "காத்தான்குடியில இருந்து காப்புக்காரர் வந்தா வாங்குவம்" என்றார். காப்புக்காரர் எப்ப வருவார்? காய்ச்சலுக்குப் பயந்து எந்த வியாபாரியும் வெளிக்கிடாத நாள் அது. கோப்பையில் பூச்சிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

கழற்றப் பார்த்தேன், மணிக்கட்டைத் தாண்டவில்லை. எனக்குப் பொறுமை எப்பவும் குறைவு. மருந்து அரைக்கிற கல்வத்தின் விளிம்பில் கையை வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். காப்பு உடைந்து விழுந்தது. மணிக்கட்டில் கீறி இரத்தம் வந்தது.

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அவ கத்தின கத்தல் இன்னும் காதுக்குள் நிற்கிறது. "என்னகா செஞ்சாய்? என்ட அம்மாளே! புருசன் கண்முன்னுக்கு இரிக்கத்தக்க, வாழுற பொம்புள தன்ட கையால காப்பு உடைக்கிறதோ? புருசன் செத்தாத்தானே காப்ப உடைப்பாங்க! இந்தக் காய்ச்சல் வருசத்தில இப்பிடி ஒரு வேல செய்வாளா ஒருத்தி!"

அவர் சிரித்தார். "மாமி, காப்புக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு பிரசங்கம் வைத்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குள் பயம் புகுந்துவிட்டது. படித்த மனிசனின் பெண்சாதி என்கிற வீறாப்பில் வெளியில் காட்டவில்லை, அவ்வளவுதான். உடைந்த துண்டுகளை நான்தான் கல்வத்தில் போட்டு மாவாக அரைத்தேன்.

அரைத்து வைத்தால் தூளுக்குள் விடப் பூச்சி இல்லை, இருந்ததெல்லாம் செத்துப்போயிற்று. குளத்துக்குப் போய்ப் புதிதாக எடுக்க வேண்டும் என்று நின்றார். "அந்தக் கரையில சனம் ஈசல் மாதிரிச் செத்துக்கிட்டிரிக்கி, போகாதீங்க மச்சான்" என்று மறித்தேன். கேட்டால்தானே. பின்னேரம் தோணியில் போய், பொழுதுபடுகிற நேரம் முழங்கால் தண்ணீரில் நின்று பாசி பிழிந்துகொண்டு வந்தார். காலெல்லாம் நுளம்பு கடித்துத் தடித்திருந்தது. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதற்குள் நுளம்புப் புழுக்களும் துள்ளிக்கொண்டிருந்தன. அவருடைய பூச்சியை வளர்த்த தண்ணீர்தான் நுளம்பையும் வளர்த்தது.

தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற பீரிசுகளில் மழைத்தண்ணீர் விட்டு, காப்புத் தூள் தூவி, பூச்சிகளைத் தனித்தனியாக விட்டோம். கொஞ்ச நாளில் ஒன்று பிள்ளை பெற்றது. வெள்ளை ஓடு. ஒரு துளி நீலம் இல்லை. அவர் குழந்தை மாதிரித் துள்ளினார். "முதல் பிள்ள கணக்கில்ல, கணக்கில்ல" என்று தானே சொல்லிக்கொண்டார், ஆனால் முகத்தை மறைக்கத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்து இன்னொரு பீரிசில் விட்டார். அது பெறப்போகிற பிள்ளைக்காகக் காத்திருந்தோம்.

அடுத்த நாள் கல்லூரியால் வந்தவர் வெயிலுக்குள் நின்றுகொண்டு குளிருது என்றார்.

அதற்குப் பிறகு காய்ச்சல்தான். நடுக்கம் பிடித்தால் கட்டில் ஆடும். மூன்று நான்கு புடைவை போட்டு மூடி, மேலே நான் படுத்து அமுக்குவேன். பிறகு நெருப்புக் கொதிப்பு. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா வந்து காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, அவருக்குக் கேட்காத மாதிரிச் சொன்னார். "தங்கச்சி, காலையில காலையில மூத்திரத்தப் பாருங்க. கறுத்துப் போனா உடனே ஆள் அனுப்புங்க." கறுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அம்மா கண்ணகை அம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துண்டில் காசு முடிந்து வைத்தா. என்னைக் காணும்போதெல்லாம் என் வெறும் கையைப் பார்ப்பா. ஒன்றும் சொல்லமாட்டா. சொன்னால் நான் சண்டை பிடித்திருப்பேன், அது எவ்வளவோ சுகம். சொல்லாமல் பார்த்ததுதான் என்னைக் கொன்றது. வேறு காப்பு வாங்கிப் போடவும் வழியில்லை, வாங்கப் போகவும் ஆளில்லை.

எனக்குக் காலையில் இரண்டு வேலை. எழும்பினதும் அவருடைய மூத்திரச் சட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போய், வெளிச்சத்தில் சரித்து, நிறத்தைப் பார்க்கவேண்டும். பிறகு ஜன்னலடிக்குப் போய்ப் பீரிசைப் பார்க்கவேண்டும். ஒன்றில் கறுப்பு வந்துவிடக்கூடாது, மற்றதில் நீலம் வந்துவிடக்கூடாது. இரண்டையும் இரண்டு இரண்டு தரம் பார்த்த பிறகுதான் அடுப்பு மூட்டுவேன்.

காய்ச்சல் வேகத்தில் அவர் பிதற்றினது முழுக்க அந்தப் பூச்சிதான். "அச்சுக் கோத்திட்டாங்களா? பிடிச்சு நிப்பாட்டு" என்பார். "என்ட பேர் போடவேணாம்" என்பார். கொதிப்பு இறங்கினால் முதல் கேள்வி, "பேத்தி வந்திட்டாளா?" இன்னும் இல்லை என்பேன். எனக்குள்ளே அப்போது ஒரு நினைப்பு புகுந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அவர் உயிரும் அந்தப் பூச்சியின் குடியும் ஒரே தராசில் கிடக்கிறது, ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போகும் என்கிற நினைப்பு. புத்திக்கு அது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். விஞ்ஞான வாத்தியாரின் பெண்சாதிக்கு நல்லாவே தெரியும். தெரிந்து என்ன? உடைத்தவள் நான்தானே. காப்பு உடைத்தால் ஒன்று போயே ஆகவேண்டும் என்று மனம் நின்றுவிட்டது.

ஒரு காலை சட்டியைச் சரித்தேன். சிவந்து, தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. கறுப்பா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ அப்படியே குந்தி இருந்துவிட்டா. ஆள் அனுப்பினோம். அப்போதிக்கரி ஐயா அக்கரையில், வர ஏலாது, கொயினாவாலேயே சிலருக்கு மூத்திரம் கறுக்கும், அதை நிற்பாட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கொயினாவை நிற்பாட்டினால் காய்ச்சல் கொல்லும், கொடுத்தால் இந்தக் கறுப்பு கொல்லும். எதைக் கேட்கிறது, ஆரைக் கேட்கிறது? நிற்பாட்டினேன். அன்று பகல் முழுக்க அவர் கண் திறக்கவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் பறை கேட்டது. அம்மா எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினா. பூச்சிக்கு வெளிச்சம் வேண்டும் என்று நான் மறுபடி திறந்தேன். ஏன் திறந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் எழும்பி நடமாடியிருந்தால் திறந்திருப்பார், அதனால் திறந்தேன் போல.

அடுத்த விடியல். சட்டியைத் தூக்கிக்கொண்டு கதவடியிலேயே நின்றேன். அம்மாதான் முற்றத்துக்குத் தள்ளிவிட்டா. சரித்தேன். வெளிறின மஞ்சள். வைக்கோல் நிறம். திரும்பவும் சரித்துப் பார்த்தேன், மஞ்சள்தான். உள்ளே ஓடிப்போய் அவர் நெற்றியைத் தொட்டேன். வேர்த்துக் குளிர்ந்து, உயிருள்ள குளிர்ச்சியாக இருந்தது. கண்ணைத் திறந்து தண்ணி கேட்டார். கொடுத்தேன். "பீரிசப் பாத்தியா?" என்றார்.

ஜன்னலடிக்குப் போனேன். இரண்டு கூசாக்கள் வாயோடு வாய் வைத்துக் கிடந்தன. ஒன்று பழையது, வெள்ளை. மற்றது பேத்தி. கழுத்தில் இருந்து அடி வரைக்கும் கருநீலம். என்னுடைய காப்பு, துண்டு துண்டாக, ஓடு ஓடாக அடுக்கிக் கிடந்தது.

நுணுக்குக்காட்டியின் வில்லையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நீலம்தான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. புதுக்குடி இல்லை. அவர் ஆண்டுக்கணக்காகத் தின்னாமல் உறங்காமல் தேடினது இல்லை. என் சித்திரங்கள் அச்சில் வரப்போவதில்லை. அழுதிருக்க வேண்டும். எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோசம். அடிவயிற்றில் இருந்து குபீரென்று ஒரு சந்தோசம், கலியாண நாளில்கூட அப்படி வரவில்லை. போனது இதுதான், அவர் இல்லை! வாய்விட்டுச் சிரித்தேன். அம்மாவைக் கட்டிப் பிடித்தேன். கஞ்சிக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு, சிரித்த வாய் மூடாமல் அவரிடம் ஓடினேன்.

அவர் தலையணையில் இருந்து என்னைப் பார்த்தார். காய்ந்து போன உதடு மெல்ல விரிந்தது. எலும்பும் தோலுமாகிப் போன முகம் அப்படியே பூரித்துப் போயிற்று.

"வெள்ளதானே?" என்றார். "உன்ட முகமே சொல்லுது."

ஐயோ! சிரித்த வாயோடு அப்படியே நின்றேன். அவருக்குச் சாவு கொஞ்சம் தள்ளித்தான் போயிருக்கிறது, கட்டில் காலடியில்தான் நிற்கிறது. ஒரு பொய் சொன்னால் என்ன என்று மனம் சொன்னது. ஆனால் அச்சில் ஏறப்போவது அவர் பெயர். பிதற்றின போதுகூட அதைத்தானே நிப்பாட்டச் சொன்னார்.

"இல்ல மச்சான்" என்றேன். "நீலம்."

"எல்லாமா?"

"ஓம். முழுக்க."

கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு தனக்குக் காட்டச் சொன்னார். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கி ஜன்னலடிக்குக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினோம். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. "வடிவாத்தான் கட்டியிரிக்கி" என்றார். பிறகு, "சீமைக்குத் தந்தி அடிக்கவேணும். அச்சடிக்கவேணாம் எண்டு" என்றார். நான் சரி என்றேன்.

மறுபடி கட்டிலில் படுக்க வைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மறுகா என்னத்துக்குச் சிரிச்சிக்கிட்டு ஓடி வந்தாய்?"

அம்மா நின்றா. நின்றால் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "காப்ப உடைச்ச நாளில இருந்து ரெண்டில ஒண்டு போகும் எண்டு பயந்து பயந்து செத்திட்டன் மச்சான். ஒண்டில் நீங்க, இல்லாட்டி உங்கட பூச்சி. போனது பூச்சி. அதான் சிரிச்சன்."

மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என் மணிக்கட்டில் காப்பு கீறின தழும்பைத் தடவினார்.

"அப்ப வெள்ளையா இருந்திருந்தா?"

"நெஞ்சில அடிச்சுக் குழறிக்கிட்டு வந்திருப்பன்" என்றேன்.

அவர் கண்ணால் நீர் வழிய, கஞ்சிக்குக் கையை நீட்டினார்.